லெம்லியின் இரண்டு லட்சம் சைட்டேஷன்: பெருமை ஆளுக்கா, ஜெல்லுக்கா?

ஜெல்_ஓட்டி

உல்ரிக் லெம்லி என்ற பெயர் புரத லேபில் ஒரு மாதம் உட்கார்ந்தவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும், ஃபிரிட்ஜைத் திறந்தால் பாதி பாட்டிலில் அவர் பெயர்தான். புரதங்களை மின்சாரம் பாய்ச்சி அளவு வாரியாகப் பிரிக்க நாம் ஓட்டுகிற ஜெல் அவருடைய செய்முறைதான். 1970 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்த அவருடைய ஒரு பேப்பர், 2014-ல் அதே நேச்சர் வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தின் கணக்கை வைத்துப் போட்ட பட்டியலில் 2,13,005 சைட்டேஷனோடு (மற்ற பேப்பர்கள் அதை மேற்கோள் காட்டிய தடவைகள்) உலகத்திலேயே இரண்டாவது இடத்தில் இருந்தது. முதலிடம் 1951-ல் லௌரி எழுதிய புரத அளவீட்டு முறை, 3,05,148. மூன்றாவது பிராட்ஃபோர்ட், 1976, அதுவும் புரதம் அளக்கிற முறைதான், 1,55,530.

என்னை யோசிக்க வைத்தது என்னவென்றால், மனிதர் ஜெல்லைப் பற்றி அந்தப் பேப்பரை எழுதவே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் தலை எப்படிக் கட்டப்படுகிறது, கட்டும்போது அதன் புரதங்கள் எப்படி வெட்டப்படுகின்றன என்பதுதான் விஷயம். ஒரே ஒரு ஆசிரியர், 680-லிருந்து 685 வரை ஆறு பக்கம். நாம் எல்லாரும் சைட் பண்ணுகிற அந்த ஜெல் செய்முறை ஒரு பட விளக்கத்துக்குள் பொடி எழுத்தில் அடங்கிவிடுகிறது. சுருக்கத்தில் அதற்குக் கிடைத்த இடம், மேம்படுத்தப்பட்ட ஜெல் முறையைப் பயன்படுத்தி என்கிற ரீதியில் அரை வரி.

கேள்வி இதுதான். இப்படி ஒருவருடைய ஆராய்ச்சியை இந்த எண்ணை வைத்து எப்படி மதிப்பிடுவது? அவர் செய்த மற்றதெல்லாம் எங்கே போயிற்று?

நாகர்கோவில்_நண்பன்

இதில் என்ன குழப்பம்? இரண்டு லட்சம் பேப்பருக்கு ஒருவருடைய முறை உதவியிருக்கிறது. இதைவிட என்ன பங்களிப்பு வேண்டும்? பெரிய கோட்பாடு எழுதினால்தான் விஞ்ஞானியா? லேபில் நாலு மணிக்குள் ஜெல் முடிந்து வீட்டுக்குப் போக முடிகிறதே, அதற்கே கும்பிடு போட வேண்டும்.

வைகை

> இதைவிட என்ன பங்களிப்பு வேண்டும்?

தம்பி, அந்த முறை எதிலிருந்து வந்தது என்று பார்த்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டீர்கள். எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் போட்டுப் புரதத்தை நீட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எதிர்மின்னூட்டம் கொடுத்து, எடைக்கு ஏற்றபடி ஜெல்லில் பிரிக்கலாம் என்பதை 1967-லேயே ஷப்பிரோ, வின்யுவேலா, மைசல் மூவரும் காட்டிவிட்டார்கள். 1969-ல் வெபரும் ஆஸ்போர்னும் நிறையப் புரதங்களை ஓட்டிப் பார்த்து, மூலக்கூறு எடை கணக்கிட இதை நம்பலாம் என்று நிறுவினார்கள். மேலே ஒரு ஸ்டாக்கிங் ஜெல், கீழே ஒரு பிரிக்கும் ஜெல், இரண்டுக்கும் வேறு வேறு பிஹெச் (அமில-காரத் தன்மை) என்ற யோசனை அதற்கும் முன்னால், 1964-ல் ஆர்ன்ஸ்டைனும் டேவிஸும் சீரம் புரதங்களுக்காகச் செய்தது, அதில் எஸ்டிஎஸ் கிடையாது.

லெம்லி செய்தது இந்த இரண்டையும் சேர்த்தது. சேர்த்ததால் என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வைவாவில் பாதிப் பேர் இங்கேதான் முழிக்கிறார்கள். மேல் ஜெல்லில் பிஹெச் 6.8. அங்கே பஃபர் கரைசலில் இருந்து வரும் கிளைசின் கிட்டத்தட்ட மின்னூட்டமே இல்லாமல் மெதுவாக நகரும். குளோரைடு முன்னால் ஓடிவிடும். புரதங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நெருக்கப்பட்டு மெல்லிய கோடாக அடுக்கப்படும். கீழே பிஹெச் 8.8-க்கு வந்ததும் கிளைசினுக்கு மின்னூட்டம் ஏறி புரதங்களைத் தாண்டி ஓடிவிடும், அப்புறம் புரதங்கள் தங்கள் அளவுக்குத் தகுந்தபடி பிரியும். அதனால்தான் எவ்வளவு நீர்த்த சாம்பிள் போட்டாலும் கோடு கூர்மையாக வருகிறது. டி4-யில் அதுவரை கண்ணில் படாத பல புரதங்களை அவர் பார்த்தது இந்தக் கூர்மையால்தான்.

ஆக இது நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு லட்சமும் லெம்லி கணக்கில், ஆர்ன்ஸ்டைன், டேவிஸ், மைசல் பெயர்கள் இன்றைய மாணவர்களுக்கே தெரியாது என்றால், அந்த எண் எதை அளக்கிறது?

பழைய_பிபெட்

வைகை சொன்னதோடு ஒன்று. இந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பவை எல்லாமே கைவேலை முறைகள்தான். 2014 பட்டியலில் முதல் 100-க்குள் வர 12,119 சைட்டேஷன் வேண்டியிருந்தது. வாட்சனும் கிரிக்கும் 1953-ல் டிஎன்ஏ இரட்டைச் சுருள் பற்றி எழுதிய பேப்பர் அந்த நூறில் இல்லை! நாலாவது இடம் 1977-ல் சாங்கர் எழுதிய டிஎன்ஏ வரிசை படிக்கும் முறை, ஐந்தாவது 1987-ல் கோம்சின்ஸ்கியும் சாக்கியும் எழுதிய ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் முறை. சாங்கர் இரண்டு நோபல் வாங்கியவர், 1958-லும் 1980-லும். கோம்சின்ஸ்கி பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? இரண்டு பேரும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரி.

லௌரிக்கே இது தெரிந்திருந்தது. அது பெரிய பேப்பர் ஒன்றும் இல்லை என்று தனக்கே தெரியும், ஆனாலும் இவ்வளவு பேர் சைட் பண்ணுவதில் உள்ளுக்குள் ஒரு குஷி என்கிற மாதிரி 1977-ல் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த விஞ்ஞானி வாக்குமூலங்களில் அது ஒன்று.

மைக்ரோ_மணி

யாராவது ஒரிஜினலைப் படித்துவிட்டுத்தான் சைட் பண்ணுகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? முந்தைய சீனியரின் தீசிஸிலிருந்து ரெஃபரன்ஸ் அப்படியே இறங்கி வருகிறது, அவருக்கு அவருடைய சீனியரிடமிருந்து.

2003 வாக்கில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் இதை அளந்தே பார்த்தார்கள். ஒரு பிரபல இயற்பியல் பேப்பருக்கு வந்த சுமார் 4,300 சைட்டேஷன்களில் 196-ல் பக்க எண்ணோ தொகுதி எண்ணோ தவறாக இருந்தது. ஆளுக்கு ஒரு தவறு செய்திருந்தால் 196 விதமான தவறு இருக்க வேண்டும், ஆனால் 45 விதம்தான் இருந்தது, அதிலும் ஒரே ஒரு தவறு மட்டும் 78 தடவை. அதாவது காப்பி. சைட் பண்ணுகிறவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. இயற்பியல் ஆட்களே இந்த லட்சணம் என்றால் ஜெல் ஓட்டுகிற நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நாகர்கோவில்_நண்பன்

படிக்காவிட்டால் என்ன? கரன்ட் பில் கட்டும்போது ஃபாரடேவைப் படித்துவிட்டா கட்டுகிறோம்? முறை வேலை செய்கிறது, பெயரைப் போடுகிறோம், அது மரியாதை. அந்த மரியாதையை எண்ணாமல் வேறு எதை எண்ணச் சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

எண்ணுவதிலும் கூத்து இருக்கிறது. எச் இண்டெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. குறைந்தது 30 சைட்டேஷன் வாங்கிய 30 பேப்பர் இருந்தால் உங்கள் எச் 30. இந்தக் கணக்கில் லெம்லியின் 1970 பேப்பர் எவ்வளவு? ஒன்று! இரண்டு லட்சமாக இருந்தாலும் ஒன்றுதான், முப்பத்தொன்றாக இருந்தாலும் ஒன்றுதான். மொத்த சைட்டேஷனில் பார்த்தால் அவர் மலை, எச் இண்டெக்ஸில் அந்த மலை கண்ணுக்கே தெரியாது. இம்பாக்ட் ஃபேக்டர் இன்னும் மோசம், அது முந்தைய இரண்டு ஆண்டுப் பேப்பர்களுக்கு வருகிற சைட்டேஷனை மட்டும் பார்க்கும். அதனால் இன்றைக்கு யாராவது லெம்லியை சைட் பண்ணினால் நேச்சரின் இம்பாக்ட் ஃபேக்டருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

ஒரே மனிதர், ஒரே பேப்பர், மூன்று கணக்கு, மூன்று விடை. இதை வைத்துக்கொண்டுதான் பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்து ஆட்களை வரிசைப்படுத்துகிறார்கள். எனக்கு நடந்த ஒரு நேர்முகத்தில் (இடம் வேண்டாம்) பேப்பரில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்விகூட வரவில்லை, எச் எவ்வளவு, கூகுள் ஸ்காலர்படியா ஸ்கோபஸ்படியா என்றுதான் கேட்டார்கள்.

சிலம்பு_84

இதற்கு எதிராகத்தானே 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில் டோரா பிரகடனம் கிளம்பியது. ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆளை எடை போடாதே என்பதுதான் சாரம். கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் உலகம் முழுக்க நிறைய. கையெழுத்துப் போட்ட பிறகும் அப்ளிகேஷன் ஃபார்மில் இம்பாக்ட் ஃபேக்டர் கட்டம் அப்படியே இருக்கிற இடங்களும் நிறைய.

வைகை

ஜெல்_ஓட்டியின் இரண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். லெம்லியின் மற்ற வேலை.

அவர் வாழ்நாளின் பெரும்பகுதி குரோமோசோம் ஆராய்ச்சி. 1977-ல் பிரின்ஸ்டனில் இருந்தபோது பால்சனோடு சேர்ந்து செல் இதழில் ஒரு பேப்பர். செல் பிரியும் நேரத்துக் குரோமோசோமிலிருந்து, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களை நீக்கிவிட்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நடுவில் குரோமோசோமின் வடிவத்திலேயே ஒரு புரதச் சட்டகம் நிற்கிறது, அதிலிருந்து டிஎன்ஏ வளையம் வளையமாக வெளியே விரிந்து கிடக்கிறது. அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், யாருடையது என்று பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதற்குக் கிடைத்த வரவேற்பு பாதிப் புகழ்ச்சி, பாதி சந்தேகம். அந்தச் சட்டகமே பொய், உப்பையும் டிடர்ஜென்டையும் போட்டு அலசும்போது மிச்சப் புரதங்கள் ஒட்டிக்கொண்டு உண்டான குப்பை என்று ஒரு தரப்பு பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் அந்தக் "குப்பை"யில் இருந்த முக்கியமான இரண்டு புரதங்கள் எவை தெரியுமா? ஒன்று டிஎன்ஏவின் சிக்கலை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் 2. லெம்லியிடம் ஜெனீவாவில் போஸ்ட்டாக் செய்த எர்ன்ஷாவின் குழு 1985-ல் அதை அடையாளம் கண்டது. இன்னொன்று பின்னாளில் கண்டென்சின் என்று பெயர் பெற்ற தொகுப்பின் ஓர் உறுப்பு. 2018-ல் சயன்ஸில் வந்த ஹை-சி ஆய்வு (டிஎன்ஏவின் எந்தப் பகுதிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது), கண்டென்சின்கள் டிஎன்ஏவை வளையங்களாக இழுத்து ஒரு சுருள் அச்சைச் சுற்றி அடுக்குகின்றன என்று காட்டியது. 1977 படத்தையும் 2018 மாதிரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்தம் தெரியும். சட்டகம் என்பது கெட்டியான தூண் இல்லை, அந்த அளவுக்குப் பழைய கருத்து மாறிவிட்டது. ஆனால் வளையங்கள் நிஜம்.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை அதுதான். அதற்கு வந்த சைட்டேஷன், ஜெல் பேப்பருக்கு வந்ததில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும்.

ஜெல்_ஓட்டி

அக்கா, நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். கூகுள் ஸ்காலரில் அவர் பெயரைப் போட்டால் முதல் வரியிலேயே அந்த ஜெல் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

தரமணி_தாஸ்

நம் ஊர்ப் பக்கம் இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜியில் எழுதியது. புரதச் சங்கிலியின் இரண்டு திருப்புக் கோணங்களில் எவை சாத்தியம், எவை அணுக்கள் முட்டிக்கொள்வதால் அசாத்தியம் என்ற வரைபடம். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் யார் ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், புரத வடிவங்களின் பொதுத் தரவு வங்கியில் சேர்க்கும்போது எத்தனை அமினோ அமிலங்கள் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழுகின்றன என்று சோதிக்கப்படும். பேப்பரிலும் அட்டவணையில் ஒரு வரி வரும். ரெஃபரன்ஸ் பட்டியலில் 1963 பேப்பர் இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. பெயரே போதும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிட்டால் மூலத்தைக் குறிப்பிடுவது நின்றுவிடும் என்று சமூகவியலாளர் மெர்டன் எப்போதோ சொன்னதுதான்.

ஆக லெம்லி விஷயத்தில் அதிகமாக எண்ணுகிறோம், இங்கே எண்ணவே இல்லை.

நாகர்கோவில்_நண்பன்

ஏன் லெம்லி பெயருக்கு மட்டும் அந்த நிலை வரவில்லை? "லெம்லி பஃபர்" என்று எழுதினால் போதுமே, ஆனாலும் ரெஃபரன்ஸ் போடுகிறோமே.

தரமணி_தாஸ்

மெத்தட்ஸ் பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரெஃபரன்ஸ் கேட்கிற பழக்கம்தான். அட்டவணையில் அப்படி யாரும் கேட்பதில்லை. வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

குரோமாட்டின்_குமார்

தாமதமாக வருகிறேன். லெம்லி கதையில் யாரும் தொடாத ஒரு பகுதி இருக்கிறது, எனக்கு அதுதான் சுவாரசியம்.

2004-ல் மாலிக்யுலர் செல்லில் ஷ்மிட், டியூருசெல், லெம்லி மூவரும் சிக், செக் என்று இரண்டு முறைகளை வெளியிட்டார்கள். டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க. சிக் முறையில் அந்தப் புரதத்துக்கு ஒரு ஆன்டிபாடி போடுவார்கள், ஆன்டிபாடியின் மேல் புரோட்டீன் ஏ-வோடு ஒட்டவைத்த ஒரு வெட்டும் என்சைமைக் கட்டுவார்கள், கால்சியம் கொடுத்தால் என்சைம் விழித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏவை வெட்டும். செக் முறையில் ஆன்டிபாடியே கிடையாது, என்சைமை நேராகப் புரதத்தோடு இணைத்துவிடுவார்கள்.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2017-ல் ஸ்கீனும் ஹெனிகாஃபும் வெளியிட்ட கட் அண்ட் ரன் இதே அடிப்படைதான், சிக்கிலிருந்து வந்தது என்று அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 2019-ல் அதன் தம்பி கட் அண்ட் டேக் வந்தது. இன்றைக்கு எங்கள் துறையில் இந்த இரண்டு கிட்டும் இல்லாத லேப் குறைவு. சைட்டேஷன் எல்லாம் 2017-க்கும் 2019-க்கும் போகிறது, 2004 ஒரு ஓரத்தில்.

1970-ல் மற்றவர்கள் கண்டுபிடித்ததைச் சேர்த்துக் கையில் கொடுத்ததற்காக லெம்லிக்குக் கணக்கு ஏறியது. 2004-ல் அவர் குழு முதலில் கண்டுபிடித்தது, கையில் கொடுத்தவர் வேறொருவர், கணக்கும் அங்கேதான் ஏறியது. சைட்டேஷன் முதலில் யோசித்தவரைத் தேடிப் போவதில்லை, செவ்வாய்க்கிழமை மதியம் எந்த புரோட்டோகால் பெஞ்சில் ஒட்டியிருக்கிறதோ அதற்குப் போகிறது.

சிலம்பு_84

குமார், ஹெனிகாஃப் குழுவை வெறும் கிட் போட்டவர்கள் மாதிரி ஆக்காதீர்கள். 2004-ல் சிக்கின் விடையைப் பார்த்தது சதர்ன் பிளாட் என்ற பழைய டிஎன்ஏ சோதனையில், ஒரு நேரத்தில் ஒரு இடம். 2017-ல் ஃபார்மால்டிஹைடு போடாத செல்களின் உட்கருக்களைக் காந்த மணிகளில் கட்டி, பூஜ்ஜியம் டிகிரியில் வெட்டி, வெட்டுப்பட்ட துண்டு மட்டும் வெளியே மிதந்து வரும்படி செய்தார்கள். அந்தத் துண்டுகளை மட்டும் சீக்வென்ஸ் செய்தால் போதும், அதனால்தான் பின்னணி இரைச்சல் இவ்வளவு குறைந்தது. அது சின்ன விஷயமில்லை. 2004-ல் இன்றைய சீக்வென்சர்களும் இல்லை, லெம்லி குழு என்னதான் செய்திருக்க முடியும்?

குரோமாட்டின்_குமார்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நியாயப்படி 1964-ல் ஆர்ன்ஸ்டைனும் டேவிஸும்கூட வேறு என்ன செய்திருக்க முடியும்? ஹெனிகாஃபுக்கு வந்ததைக் குறைக்கச் சொல்லவில்லை, 2004-ஐயும் கூடவே போடுங்கள் என்கிறேன். மெத்தட்ஸில் ஒரு வரி கூடினால் எந்த ஜர்னலும் கோபித்துக்கொள்ளாது.

கணக்குப்பிள்ளை

கோபித்துக்கொள்ளும். சில இதழ்களில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு இருக்கிறது. வெட்ட வேண்டி வந்தால் முதலில் போவது பழையதுதான்.

குரோமாட்டின்_குமார்

அப்படியானால் மற்றவர் பேப்பரை ரிவ்யூ செய்யும்போது நானே கேட்டுவிடுகிறேன். ஏற்கெனவே இரண்டு பேரிடம் கேட்டாயிற்று, ஒருவர் சேர்த்தார், இன்னொருவர் "இடமில்லை" என்று பதில் எழுதினார். அவர் பேப்பரில் அவருடைய சொந்த சைட்டேஷன் மட்டும் ஒன்பதோ பத்தோ இருந்தது.

புதுசு_2ஆம்_வருடம்

மன்னிக்கவும், தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி. என் லெம்லி ஜெல்லில் நடு லேன்கள் (சாம்பிள் ஓடும் தடங்கள்) கீழேயும் ஓர லேன்கள் மேலேயும் நின்று, கோடு சிரிக்கிற மாதிரி வளைகிறது. பஃபர் மாற்றியும் போகவில்லை.

பழைய_பிபெட்

வோல்டேஜ் எவ்வளவு வைக்கிறீர்கள்? 200-க்கு மேல் என்றால் நடுப்பகுதி சூடாகி வேகமாக ஓடுகிறது. 120-க்குக் குறையுங்கள், டேங்கைச் சுற்றி ஐஸ் வையுங்கள், ஓரத்தில் காலி லேன் விடாமல் வெறும் சாம்பிள் பஃபராவது போடுங்கள்.